கைலி கட்டி வந்த அப்பாவைத் தியேட்டரில் தடுத்தார்கள்: சட்டத்தில் என்ன வழி?

கடிதம் எழுதியவர் 31 வயது மகன், சென்னையில் மென்பொருள் வேலை. அப்பா கடலூர் மாவட்டத்தில் கைத்தறி நெசவாளர், நாற்பது வருஷத்துக்கு மேல் லுங்கி நெய்தவர், கண் பார்வை குறைந்ததால் தறியை விட்டுவிட்டார். பேரனைப் பார்க்க வந்த அப்பாவையும் சேர்த்துக் குடும்பத்தோடு ஒரு மாலில் இருக்கும் மல்ட்டிபிளெக்ஸுக்குப் போயிருக்கிறார்கள், ஐந்து டிக்கெட்டும் ஆன்லைனில் இவரே வாங்கியது. அப்பா வெள்ளைச் சட்டையும், தன் கையால் நெய்து எடுத்து வைத்திருந்த கட்டம் போட்ட கைலியும் கட்டியிருந்தார். தியேட்டர் வாசலில் செக்யூரிட்டி தடுத்து, "லுங்கியோட உள்ள விட முடியாது, வேட்டின்னா பரவாயில்ல" என்றிருக்கிறார். மேனேஜரும் வந்து அதையே சொன்னார். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் கீழ உக்காந்திருக்கேன்" என்று அப்பா சொல்ல, யாரும் போகாமல் வீடு திரும்பிவிட்டார்கள். டிக்கெட் பணமும் திரும்பவில்லை.

அவர் கேட்பது இவை: 2014-ல் வந்த வேட்டிச் சட்டப்படி மேனேஜர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டு உள்ளே தள்ள முடியுமா? லுங்கி என்பது வீட்டில் கட்டும் துணி, ஐகோர்ட்டே அதற்குத் தடை போட்டிருக்கிறது, கேஸ் நிற்காது என்று தாய்மாமா சொல்வது சரியா? மனைவி போனில் எடுத்த வீடியோவை, செக்யூரிட்டியின் முகம் தெரிய, சமூக ஊடகத்தில் போடலாமா? கடைசியில் ஒரு வரி: அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் அப்பா என்னுடைய பழைய பேன்ட்டைக் கேட்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் "நான்தான் முன்னாலேயே வேட்டி கட்டச் சொல்லியிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் விட்டுவிடுங்கள். டிக்கெட் விற்கும்போது உடை பற்றி எந்த நிபந்தனையும் காட்டவில்லை, வாசலில் போர்டும் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். சொல்லாத விதியை நீங்கள் மீறவில்லை, உங்கள் அப்பாவும் மீறவில்லை. அவர் பேரனோடு படம் பார்க்கப் போவதற்காக இருந்ததிலேயே நல்ல துணியை எடுத்துக் கட்டியிருக்கிறார். இது வெறும் ஆறுதல் இல்லை, உங்கள் வழக்கின் அடிப்படையே இதுதான் என்பது கீழே போகப்போகத் தெரியும்.

வேட்டிச் சட்டம் கைலிக்குப் பொருந்துமா

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையும், கூடப் போன மூத்த வழக்கறிஞர்களையும் உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் கொதித்தன, அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரை, அந்த உடையைக் காரணமாகச் சொல்லி மட்டும் பொது இடத்தில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது. உடையைக் கண்ணியமான முறையில் அணிந்திருக்க வேண்டும். இதுதான் அதன் சாரம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், நோட்டீஸ் கொடுத்து விசாரித்து லைசென்ஸையே ரத்து செய்யவும் வழி இருக்கிறது.

இதில் வேட்டி என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள், லுங்கி என்று சொல்லவில்லை. அதனால் "சட்டம் நம் பக்கம், முடிந்தது" என்று நீங்கள் நினைப்பது கொஞ்சம் அவசரம். ஆனால் "வேறு இந்தியப் பாரம்பரிய உடை" என்ற வார்த்தைகள் இருக்கின்றன, நம் வாதம் முழுக்க அங்கேதான் நிற்கும். கைலி பாரம்பரிய உடையா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு நான் காட்டுவது இன்னொரு சட்டத்தை. கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட துணிகள் எவை என்று சொல்ல 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. அதன்படி ஒதுக்கப்பட்ட 11 வகைகளில் சேலை இருக்கிறது, வேட்டி இருக்கிறது, துண்டு இருக்கிறது, ஜமக்காளம் இருக்கிறது, லுங்கியும் இருக்கிறது. கைத்தறியின் மரபுத் துணி என்று அரசே காப்பாற்றி வைத்திருக்கும் ஒன்றைப் பாரம்பரிய உடை இல்லை என்று சொல்ல ஒரு தியேட்டர் மேனேஜருக்கு என்ன அதிகாரம்? குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தத் துணியால் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதே பட்டியல் நமக்கு எதிராகவும் திரும்பலாம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேட்டியும் லுங்கியும் அதில் தனித்தனி இனம். "பார்த்தீர்களா, இரண்டும் வேறு, 2014 சட்டம் வேட்டியைத்தான் காக்கிறது" என்று அவர்கள் வக்கீல் சொல்வார். அதற்கும் பதில் "வேறு இந்தியப் பாரம்பரிய உடை" என்ற அதே வார்த்தைகள்தான். நம் வாதம் வலுவானது என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் இது வாதம், தீர்ப்பு இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

"டீசன்ட்டா இல்ல" என்ற பதில் வரும்

அவர்கள் பெரிதாகப் பிடிக்கப்போவது "கண்ணியமான முறையில்" என்ற நிபந்தனையை. கவனித்துப் பாருங்கள், அது கட்டியிருக்கும் விதத்தைப் பற்றியது, துணியைப் பற்றியது இல்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு போயிருந்தால் வேட்டிக்கும் அதே கேள்வி வரும். உங்கள் அப்பா கணுக்கால் வரை இறக்கிக் கட்டியிருந்தார் என்றும், வீடியோவில் அது தெளிவாகத் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய பலம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் யோசியுங்கள்: அவர் கட்டியது மூட்டிய கைலி. சுற்றிவர மூட்டிய துணி, மூட்டாத வேட்டியைவிட விலகாமல் நிற்கும். உடல் தெரியக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை என்றால், வேட்டிக்குச் சரி என்றவர்கள் கைலிக்கு வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

ஆக, அவர்கள் பார்த்தது துணியை இல்லை. லுங்கி என்றதும் அந்த மேனேஜர் மனதில் வந்த ஆளை. லாரி ஓட்டுபவர், மீன் பிடிப்பவர், கொத்தனார், டீக்கடையில் நிற்பவர், பெரும்பாலும் உடல் உழைப்புக்காரர். சில பேர் மனதில் முஸ்லிம். நெல்லை, குமரிப் பக்கமும் இலங்கையிலும் சாரம் என்பார்கள், உங்கள் ஊரில் கைலி, கடைக்காரர் பில்லில் லுங்கி, எல்லாம் ஒரே துணிதான். ஆனால் லுங்கி என்ற சொல்லை மட்டும் ஆளைக் குறைத்துச் சொல்வதற்குப் பயன்படுத்தும் பழக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. 1960-களில் பம்பாயில் சிவசேனை தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பியபோது லுங்கியை விரட்டு என்பதே கோஷம். அங்கே வேட்டி கட்டிய தமிழரும் லுங்கிதான். இன்று சென்னையில் வேட்டிக்கு வழி விட்டு லுங்கியைத் தடுப்பவர் அந்தக் கோஷத்தைக் கேட்டிருக்கக்கூட மாட்டார், ஆனால் துணியை வைத்து ஆளை எடை போடும் பழக்கம் அதேதான்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் வசதியானவர்கள் வாழும் பாரிதாரா பகுதியில் 2013-ல் ரிக்ஷாக்காரர்கள் லுங்கி கட்டி வரக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொன்னது. எதிர்த்து இளைஞர்கள் லுங்கி கட்டிக்கொண்டே ஊர்வலம் போனார்கள். அந்த நாட்டில் ஆண்கள் பலர் வீட்டில் அதைத்தான் கட்டுகிறார்கள், தடை மட்டும் ரிக்ஷாக்காரருக்கு. கோழிக்கோட்டிலும் 2019-ல் கைலி கட்டி வந்த ஒருவரை ஒரு ஹோட்டல் உள்ளே விடாததற்காக இதே மாதிரி கைலி ஊர்வலம் நடந்தது. பெங்களூரில் 2024 ஜூலையில் ஒரு விவசாயியை வேட்டிக்காகத் தடுத்த மாலைக் கர்நாடக அரசு ஏழு நாள் மூட வைத்தது. அங்கே அவர் கட்டியிருந்தது மரியாதைக்குரிய வேட்டிதான், ஆனாலும் கிராமத்துப் பெரியவர் என்றதும் அதுவும் தப்பாகத் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "டீசன்ட் இல்லை" என்று பதில் மனுவில் வந்தால், எந்த அளவுகோலால் என்று கேட்க உங்களுக்குத் தைரியம் வேண்டும்.

இதோடு ஒட்டிய ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடை, ஹோட்டல், பொழுதுபோக்கு இடம் எதிலும் மதம், சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது, தனியார் இடத்துக்கும் அது பொருந்தும். உடை அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் இந்தப் பிரிவை நேராக எடுக்க முடியாது. ஆனால் அன்று மேனேஜரோ செக்யூரிட்டியோ உங்கள் சாதியையோ மதத்தையோ தொட்டு ஏதாவது சொன்னார்களா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். 2023-ல் சென்னையில் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தைத் தடுத்த தியேட்டர் ஊழியர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அப்படி ஒரு சொல் வந்திருந்தால் பாதையே வேறு. வரவில்லை என்றால் வந்ததாகச் சேர்க்காதீர்கள், ஒரு பொய்யான வரி உங்கள் உண்மையான வழக்கையும் கெடுத்துவிடும்.

மாமா சொன்ன ஐகோர்ட் தடை

மாமா நினைவில் வைத்திருப்பது கோயில் விஷயம். 2015 கடைசியில் மதுரைக் கிளையில் ஒரு தனி நீதிபதி, கோயிலுக்கு வரும் ஆண்கள் வேட்டி, பைஜாமா, பேன்ட் சட்டை என்று ஒரு பட்டியலும் பெண்களுக்கு ஒரு பட்டியலும் போட்டு, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தச் சொன்னார். சில வாரங்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. அது கோயிலுக்கு மட்டும் சொன்னது, தியேட்டருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. 2019-ல் தலைமைச் செயலகத்திலிருந்து வந்த உடை உத்தரவையும் சிலர் இழுப்பார்கள், அது அரசு ஊழியர்களுக்கானது. மனு கொடுக்க வரும் பொதுமக்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை, உங்கள் அப்பா கைலியோடு கலெக்டர் ஆபீஸுக்கே போகலாம். வீட்டுத் துணி என்பது மாமாவின் பழக்கம், அது சட்டம் ஆகாது.

எங்கே போவது

எஃப்.ஐ.ஆர். போட்டு உள்ளே தள்ளுவது என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றங்கள், தனியாக வேறு மாதிரி சொல்லாத வரை, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடவோ வாரன்ட் இல்லாமல் கைது செய்யவோ முடியாத வகை. ஸ்டேஷனில் மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள், மேலே விசாரிக்க மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகவும் போகலாம். இதற்குக் காலக்கெடு ஒரு வருஷம்தான், அதைத் தவறவிட வேண்டாம். கைது நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எனக்கு நல்ல வழியாகப் படுவது நுகர்வோர் ஆணையம். டிக்கெட் விற்றது ஒரு சேவை ஒப்பந்தம், முன்கூட்டிச் சொல்லாத காரணத்தைக் காட்டி அதை மறுத்தது சேவைக் குறைபாடு. இங்கே கைலி பாரம்பரிய உடையா இல்லையா என்ற கேள்வியில் நீங்கள் தோற்றாலும் வழக்கு நிற்கும், அதுதான் இந்த வழியின் அழகு. டிக்கெட் நீங்கள் வாங்கியிருந்தாலும் சேவையைப் பெற வேண்டியவர் என்ற முறையில் அப்பாவும் நுகர்வோர்தான், அவரையும் மனுதாரராகச் சேர்க்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, கெடு இரண்டு வருஷம். டிக்கெட் பணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு கேட்கலாம். லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும்.

மூன்றாவது வழி, பலர் யோசிக்காதது: லைசென்ஸ் கொடுத்தவரிடம் போவது. தியேட்டர் நடத்த சி-ஃபார்ம் லைசென்ஸ் வேண்டும், சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர் தருவது. 2014 சட்டத்தைச் சுட்டிக்காட்டி அங்கே ஒரு மனு கொடுங்கள். ரத்து செய்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனால் எந்தத் தலைமை அலுவலகமும் தன் உடை விதியை எடுத்து மறுபடி படிக்கும். அடுத்த ஆளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் இந்த மனுதான்.

இதற்கெல்லாம் முன்னால் நிர்வாகத்துக்கு ஒரு நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்டில். என்ன நடந்தது, எந்த எழுத்து விதியின்படி தடுத்தீர்கள், அந்த விதியின் நகல் கொடுங்கள், அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காமல் வையுங்கள். இந்தக் கடைசி வரி ரொம்ப அவசரம், பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவு அழிந்துவிடும்.

வீடியோவைப் போடலாமா

போடாதீர்கள், குறைந்தது இப்போதைக்கு. அவதூறு வழக்கு வரும் என்ற பயத்தால் மட்டும் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்வதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அந்தச் செக்யூரிட்டி யார்? பெரும்பாலும் ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியர், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் அவரும் கைலிதான் கட்டுவார். வீடியோ பரவினால் மறுநாள் வேலை போவது அவருக்கு, விதி போட்டவர் பெயர் வெளியே வராது. உங்கள் எதிர்த்தரப்பு நிர்வாகம், மனுவிலும் அவர்களையே எதிர்மனுதாரராகப் போடுங்கள்.

அதோடு அந்த வீடியோவில் தலை குனிந்து நிற்பது உங்கள் அப்பா. லட்சம் பேர் பார்க்கலாமா என்று அவரைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. வீடியோவை வெட்டாமல், ஒட்டாமல், எடுத்த போனிலேயே வைத்திருங்கள். ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், அதில் போனின் சொந்தக்காரர் என்ற முறையில் உங்கள் மனைவி கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அங்கேதான் அதற்கு மதிப்பு.

அப்பாவிடம் பேசுங்கள்

எல்லாமே நீங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வியாகவே இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும்? சில பெரியவர்களுக்கு மன்னிப்பு வேண்டும், சிலருக்குப் பேச்சே எடுக்க வேண்டாம், சிலர் கோர்ட்டில் ஏறி "நான் நெய்த துணி இது" என்று சொல்ல வேண்டும் என்று இருப்பார்கள். அவர் எந்த வகை என்பதை நீங்கள் ஊகிக்காதீர்கள். பேன்ட் கேட்டால் கொடுங்கள், "கைலியே கட்டுங்கப்பா" என்று வற்புறுத்தாதீர்கள், அது இன்னொரு உத்தரவாகத்தான் அவருக்குக் கேட்கும். ஆனால் ஒரு நாள் உட்கார்ந்து, இப்படி இப்படி வழி இருக்கிறது, உங்கள் பெயரில் போடவா என் பெயரில் போடவா, வேண்டாம் என்றாலும் சரி என்று கேளுங்கள். வழக்கு போட்டால் அவர் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டிவரும், ஒருவேளை எதிர்த்தரப்பு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிவரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அவர் வேண்டாம் என்றால் உங்கள் டிக்கெட்டுக்கு நீங்கள் மட்டும் மனுதாரராகப் போகலாம், அவர் பெயர் சம்பவத்தில் வரும், ஆனால் அவர் வர வேண்டியதில்லை. சம்மதித்தால் அந்தக் கைலியைத் துவைத்து மடித்துப் பத்திரமாக வையுங்கள், எந்தத் துணி என்று ஆணையம் பார்க்கக் கேட்கலாம். எந்த முடிவானாலும் நோட்டீஸ் மட்டும் இந்த வாரமே போகட்டும், டிக்கெட்டின் மின்னஞ்சல், பணம் போன வங்கிக் குறுஞ்செய்தி, அன்றைய தேதி நேரம் மூன்றையும் அதில் சேர்த்துவிடுங்கள்.